மூச்சு விடும் குகை

துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக அடுத்தவர் பெட்டிகளைக் குடைந்து குடைந்தே வயதானவர் அவர். தன் கல்யாணத்துக்கு வந்த பரிசுகளைக்கூடத் தட்டி, முகர்ந்து பார்த்த பிறகுதான் வீட்டுக்குள் விட்டார். அப்பேர்ப்பட்ட மனுஷனிடம் போய், காலையில் காற்றை உள்ளே இழுத்து மாலையில் வெளியே விடும் குகை ஒன்று இருக்கிறது என்றால் சும்மா இருப்பாரா? அதிலும் சொன்னது மச்சினன். அந்தக் குகைக்கு வழிகாட்டியே அவன்தான்.

மாலையில் அக்காவையும் மாமாவையும் கூட்டிப்போய், குகை வாசலில் ஒரு கைக்குட்டையைத் தொங்கவிட்டான். அது வெளிப்பக்கமாகப் படபடத்தது.

"பாத்தீங்களா, மூச்சு விடுது!" என்றாள் மனைவி, வாயெல்லாம் பல்லாக.

அவர் உள்ளே நுழைந்து பாறையைத் தட்டினார். இடுக்குகளில் கைவிட்டுத் துழாவினார். கறுப்பு வயர் ஒன்று அகப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டே போனால், திருப்பத்தில் ஆளுயர ஃபேன்!

"மாட்டினியா மாப்ள! யார் காதுல பூ சுத்துற?"

"ஐயோ மாமா, கூட்டம் வர்ற நாள்ல உள்ள புழுங்கும். அதுக்கு வச்சது."

"இந்தக் கதையெல்லாம் என்கிட்ட வேணாம்."

பின்னாலேயே வந்த மனைவி ஃபேனை உற்றுப் பார்த்தாள். "ஏங்க, இது ஓடவே இல்லையே?"

"காலையிலேயே கரண்ட் போயிடுச்சுக்கா," என்றான் மச்சினன்.

குகையின் ஆழத்திலிருந்து வந்த காற்று அவருடைய நாலு முடியையும் கலைத்துப்போட்டது. அவர் அதைக் கையால் படிய வாரிக்கொண்டார். பிறகு மச்சினனின் தோளில் கைபோட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"கரண்ட் ஆபீஸ்ல உனக்கு யாருடா ஆளு?"