இரு தரப்பும் அழைத்தால்

உப்பளத்துத் தண்ணீர்ச் சண்டை அமுதவல்லிக்குப் புதிதல்ல. இந்தத் தடவை அண்ணன் திருமுருகன் அவள் புருஷனையும் அதில் இழுத்ததுதான் புதிது.

பக்கத்துப் பாத்திக்காரர் தங்கராசு, திருமுருகனின் பாத்திக்கு உப்புத்தண்ணீர் வரும் வாய்க்காலை மண் போட்டு அடைத்துவிட்டார். திருமுருகனுக்குப் பிரம்மதேசத்து உறவுக்காரர்கள் துணை. தங்கராசுக்குக் கிளியனூர் ஆட்கள். எங்களில் ஒருத்தனைத் தொட்டால் எல்லாரையும் தொட்ட மாதிரி என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டது. அமுதவல்லியின் புருஷன் தேவா ராணுவத்தில் ஹவில்தார். தெற்கு சூடானில் ஐ.நா. அமைதிப் படையில் இருந்துவிட்டு விடுப்பில் வந்திருந்தான். யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு தன் பக்கம் வந்து நிற்கும்படி திருமுருகன் கேட்டான்.

தேவா மறுத்தான். முதல் உலகப் போர் இப்படித்தான் பரவியது, ஒருத்தன் சுட்டதற்குக் கூட்டுச் சேர்ந்த நாடெல்லாம் வரிசையாக இறங்கின என்றான். இரண்டாவது போருக்குப் பிறகும் கூட்டணிகள் போகவில்லை. ஆனால் நடுவில் நிற்க ஐ.நா. ஆள் அனுப்பும் வழக்கமும் சேர்ந்து வந்தது. அதற்குச் சம்பந்தப்பட்டவர்கள் சம்மதிக்க வேண்டும். போ என்றால் போய்விட வேண்டும் என்றும் சொன்னான்.

“ரெண்டு பேரும் கூப்ட்டா வர்றேன் மச்சான்.”

“வேணாம் மாப்ள. என் தங்கச்சியும் இனிமே எங்க வீட்டுப் படி ஏற வேணாம்.”

அமுதவல்லி அன்றே தங்கராசுவின் மனைவி ஜான்சியைத் தேடிப் போனாள். இருவரும் ஒன்றாக உப்பு வாரியவர்கள். தேவா நடுவில் உட்காரட்டும் என்று ஜான்சி தன் புருஷனைச் சம்மதிக்க வைத்தாள். அதைக் கேட்டபின் திருமுருகனும் அரைமனதாகத் தலையாட்டினான்.

மறுநாள் தேவா லுங்கியோடு போய், வாய்க்கால் கரையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். பேச்சு மெல்ல நடந்தது. மதியம் கிளியனூரிலிருந்து வேனில் ஆள் வந்து இறங்கியதும் திருமுருகனுக்குக் கோபம் தலைக்கேறியது.

“நீங்க கெளம்புங்க மாப்ள.”

தேவா எழுந்துகொண்டான். இரு பக்கமும் மண்வெட்டிகள் தோளுக்கு ஏறின. சாப்பாடு கொண்டுவந்த அமுதவல்லி, அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

“ஏந்திரு அமுதா.”

“அவரக் கூப்ட்ட, போகச் சொன்ன, போறாரு. என்னை யாருண்ணே கூப்ட்டா, நீ போகச் சொல்ல?”

கிளியனூர்க்காரன் ஒருவன் சிரித்துவிட்டான். ஜான்சி அந்தக் கரையிலிருந்து இறங்கி வந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாள். பெண்டாட்டி உட்கார்ந்த இடத்தைத் தாண்டிப் போகத் தங்கராசுக்குக் கால் வரவில்லை.

பொழுது சாயும்போது அவரே மண்ணைக் கொஞ்சம் வெட்டிவிட்டார். வாய்க்காலில் பாதித் தண்ணீர் வந்தது. படி ஏறலாமா என்று அமுதவல்லி அண்ணனைக் கேட்கவில்லை; நேராக அவன் வீட்டுக்குள் போய், காலி டிபன் கேரியரை அண்ணியிடம் கழுவக் கொடுத்தாள்.