ஓஸ்டர்வேர்க்காரன்

சிவசோதி கணவனின் உதடுகளை ஈரப்பஞ்சால் நனைத்துக்கொண்டிருந்தபோது, கதவைத் தட்டாமலே ஒரு கிழவர் உள்ளே வந்தார். வெள்ளைக்காரர். மழைக்கோட்டைக் கழற்றாமல் கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்று, படுத்திருந்தவரையே பார்த்தார். அவளை அவர் கண்டதாகவே தெரியவில்லை.

"ஆர் வேணும் உங்களுக்கு?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"நான் கேஸ்," என்றார் அவர்.

அவளுக்குத் திக்கென்றது. "கேஸா? என்ன கேஸ்?"

"அது என் பெயர். ஹெங்க்கின் பழைய சிநேகிதன். ஒல்லாந்திலிருந்து வருகிறேன்."

பஞ்சை அவள் கிண்ணத்தில் போடவில்லை. இத்தனை வருடக் குடித்தனத்தில் ஹெங்க்கின் வாயிலிருந்து இந்தப் பெயர் ஒரு தடவையாவது வந்ததில்லை. நத்தாருக்கு ஒரு வாழ்த்து வந்ததில்லை, பிறந்தநாளுக்கு ஒரு போன் வந்ததில்லை. இப்போது, டொக்டர்கள் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று கைவிட்ட பிறகு, உலகத்தின் மறுகரையிலிருந்து ஒரு சிநேகிதன்.

"இவர் இஞ்ச இருக்கிறாரெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"உங்கள் உதைபந்தாட்டக் கழகத்தின் பேஸ்புக்கில் பார்த்தேன்."

ஹெங்க்கிடம் பந்து பழகிய லோஜன் செய்த வேலை. கோச்சுக்காகப் பிரார்த்தியுங்கள் என்று ஆஸ்பத்திரியின் பெயரோடு படமும் போட்டிருந்தான். அவனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"அவருடன் கொஞ்ச நேரம் தனியாக இருக்கலாமா?" என்று கேஸ் கேட்டார்.

"ஏலாது," என்றாள் சிவசோதி. "இருக்கிறதெண்டால் நானும் இருப்பன்."

கதிரையைக் கட்டிலுக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவளுக்குத் தெரிந்த ஹெங்க், மெல்பேர்னின் ரோவிலில் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பெடியங்களுக்குப் பந்து பழக்கிய கிழவர். படகில் வந்து, விசா இல்லாமல் வேலைக்கும் மைதானத்துக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்த பெடியங்கள். அவர்களுக்கு ரோல்ஸ் கொண்டுபோன இடத்தில்தான் அவரைச் சந்தித்தாள். முதல் புருசன் வன்னியில் செத்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரு நாள் ஹெங்க் இரண்டு ரோல்ஸைத் தின்றுவிட்டு, மூன்றாவதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, அடுத்த சனியும் வருவீர்களா என்று கேட்டார். அப்படித் தொடங்கியது.

அதற்கு முந்திய ஹெங்க்கை அவள் துண்டுதுண்டாகத்தான் கேட்டறிந்தாள். ஓஸ்டர்வேர் என்ற சின்ன நகரத்தின் கழகத்தில் முன்னணியில் ஆடியவர். கோல் அடிப்பதுதான் அவர் வேலை. மைதானம் முழுக்க அவர் பெயரைப் பாடுமாம். சலூனுக்குப் போனால் காத்திருந்தவர்கள் எழுந்து அவருக்குக் கதிரையைக் கொடுப்பார்களாம். ஒரு முறை தேசிய அணிக்குக்கூடக் கூப்பிட்டு, பெஞ்சில் உட்காரவைத்து, மைதானத்தில் இறக்காமலே வீட்டுக்கு அனுப்பினார்கள். அதைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பார்.

முழங்கால் போனதும் அதே கழகத்துக்கு மனேஜரானார். முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு பருவம் முழுக்கத் தோல்வி. கடைசி ஆட்டத்தில் வென்றால் தப்பலாம். கடைசி நிமிடத்தில் பந்து வலைக்குள் போனது; சனம் மைதானத்துக்குள் குதித்துவிட்டது; ஓரத்தில் நின்ற லைன்ஸ்மன் ஓஃப்சைட், கோல் செல்லாது என்று கொடியைத் தூக்கிவிட்டான். கழகம் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. பெயரைப் பாடிய அதே வாய்கள் அவர் வீட்டு வாசலில் நின்று கத்தின. சுவரெல்லாம் முட்டை. அப்போதைய மனைவி தாய்வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. அவர் மெல்பேர்னுக்கு வந்து வீடுகளுக்குப் பெயின்ற் அடித்தார்.

"அதெல்லாம் பரவாயில்லை சோதி," என்று ஒரு முறை குசினியில் நின்று சொன்னார். "சனம் அப்படித்தான். ஆனால் எனக்குப் பக்கத்தில் பெஞ்சில் இருந்தவன் ஒருவன். என் உதவியாளன். சின்ன வயதிலிருந்து சேர்ந்து விளையாடியவன். எனக்குத் தெரியாமல் நிர்வாகத்தோடு பேசி என் இடத்தை எடுத்துக்கொண்டான்."

"ஆர் அது? பேர் என்ன?"

"அந்தப் பெயரை இந்த வீட்டுக்குள் கொண்டுவர மாட்டேன்."

இப்போது அந்த வாயில் ஆங்கிலமே இல்லை. இரண்டாவது ஸ்ட்ரோக் அதை முழுதாகத் துடைத்துவிட்டது. அவள் சொல்லிக்கொடுத்த நாலைந்து தமிழ்ச் சொற்களும் போய்விட்டன. எஞ்சியது ஒல்லாந்த மொழி மட்டும். வாரக்கணக்காக அவர் அந்த மொழியில் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தார். அவள் "ஓம், ஓம்" என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். போனில் மொழிபெயர்க்கப் பார்த்தாள். குழறிய பேச்சைக் கேட்டு அது பால், குதிரை, ஞாயிற்றுக்கிழமை என்று என்னென்னவோ சொன்னது.

கேஸ் குனிந்து அவர் காதருகே பேசினார். ஹெங்க் கண்ணைத் திறந்தார். வந்தவரை நெடுநேரம் பார்த்தார். கேஸ் தன் நெஞ்சில் கைவைத்து மறுபடி ஏதோ சொன்னார். அதில் கேஸ் என்ற பெயர் அவளுக்குக் கேட்டது. பிறகு இன்னொரு முறையும் சொன்னார்.

ஹெங்க்கின் முகம் சிவந்தது. அசையக்கூடிய இடது கையை மேலே தூக்கி, விறைப்பாக அப்படியே பிடித்துக்கொண்டு கத்தத் தொடங்கினார். சிவசோதி எழுந்துவிட்டாள்.

"காணும்! நீங்கள் போங்கோ. அவருக்கு ஏலாது."

கேஸ் அசையவில்லை. அவளைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கடைசியாக ஹெங்க்கைப் பார்த்து மெதுவாக ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். ஹெங்க்கின் கத்தல் நின்றது. என்ன என்பதுபோலக் கேட்டார். கேஸ் அதையே திரும்பச் சொன்னார்.

அப்போது ஹெங்க் சிரித்தார். தொண்டையிலிருந்து வந்த பெரிய சிரிப்பு. கையை முஷ்டியாக்கிக் கட்டிலில் இரண்டு தடவை குத்தினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, வேலை முடிந்த மனிதனைப் போலத் தூங்கிப்போனார்.

"என்ன சொன்னவர்?"

"பழைய கதை."

"என்ன பழைய கதை? நீங்கள் அவருக்கு என்ன சொன்னனீங்கள்?"

"இன்னொரு நாள் சொல்கிறேன். மன்னியுங்கள்." கேஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார்.

ஹெங்க் அதற்குப் பிறகு விழிக்கவில்லை. சாயந்தரம், ஜன்னலுக்கு வெளியே கார்களின் விளக்குகள் எரியத் தொடங்கிய நேரத்தில் மூச்சு நின்றது. தாதி வந்து சொல்வதற்கு முன்னமே சிவசோதிக்குத் தெரிந்துவிட்டது. அழுகை வரவில்லை. யார் அந்த ஆள், என்னத்தைச் சொன்னான் என்பதுதான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் லோஜன் வீட்டுக்கு வந்தான். கழகத்தின் கப்டன், பகலில் ஒரு களஞ்சியத்தில் போர்க்லிஃப்ட் ஓட்டுபவன். செத்தவீட்டு ஒழுங்குகளைக் கதைக்க வந்தவனிடம் அவள் வேறு விசாரணையைத் தொடங்கினாள்.

"நீ போட்ட படத்தைப் பாத்துத்தான் அந்த மனுசன் வந்தவன். ஆரெண்டு தேடிப் பார், தம்பி. பேர் கேஸ். ஓஸ்டர்வேர்."

லோஜன் போனில் தட்டிக்கொண்டே இருந்தான். அவள் வைத்த தேத்தண்ணி ஆறி ஆடை பிடித்தது. கடைசியில் போனை அவள் பக்கம் திருப்பினான். ஒரு பழைய பத்திரிகைப் படம். புதிய மனேஜர் ஓஸ்டர்வேர் கழகத்தின் சால்வையைத் தலைக்கு மேலே விரித்துப் பிடித்திருந்தார். இளமையான முகம்தான், ஆனால் ஆள் அதே ஆள்.

"இவன்தான்," என்றாள் சிவசோதி. "இவர் பேர் சொல்ல மாட்டனெண்ட ஆள்."

"அன்ரி, ஆள் பியூனரலுக்கு வந்தால் நாங்கள் வாசலிலயே திருப்பி அனுப்பிறம். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ."

"என்னத்துக்கு வந்தவன்? சாகக்கிடக்கிற மனுசனிட்ட என்னத்தை வாங்கிக்கொண்டு போனவன்? மன்னிப்புக் கேட்டிருப்பான். இவர் விளங்காமல் குடுத்திருப்பார். இனிப் போய் ஊரில சொல்லுவான், ஹெங்க் என்னை மன்னிச்சிட்டான் எண்டு."

"நீங்கள் சொல்லுறதைப் பார்த்தால் கோச் சிரிச்செல்லோ செத்தவர்."

"அதுதான் எனக்குப் பயமாக்கிடக்கு," என்றாள்.

அன்று படுக்கையில் அந்தச் சிரிப்பையே திரும்பத் திரும்பக் கேட்டாள். இத்தனை வருடத்தில் தன்னோடு அவர் அப்படிச் சிரித்தாரா என்று யோசித்தாள். கடைசிப் பேச்சு அவளுக்குரியது. அவளுக்குத் தெரியாத மொழியில் அதை ஒருவன் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஸ்பிரிங்வேலில் செத்தவீட்டன்று மழை விட்டிருந்தது. கறுப்பு வண்டி தேவாலயத்தின் முன் நின்றது. பெடியங்கள் கழகத்தின் மேலங்கியோடு வந்திருந்தார்கள். கார் நிறுத்துமிடத்தின் கடைசியில், ஒரு மரத்தடியில், கேஸ் அதே மழைக்கோட்டோடு நின்றார். லோஜன் கண்டுவிட்டு அந்தப் பக்கம் நடந்தான்.

"நில்," என்றாள் சிவசோதி. "நான் போறன்."

வெள்ளைச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஈரப் புல்லில் நடந்தாள். கேஸ் தொப்பியைக் கழற்றினார்.

"உங்களை எனக்குத் தெரியும்," என்றாள். "இவற்ற இடத்தை எடுத்த ஆள் நீங்கள்தானே?"

"ஆமாம்."

மறுப்பார் என்று நினைத்து அவள் தயாரித்துவைத்திருந்த சொற்களெல்லாம் வீணாகப் போயின.

"மன்னிப்புக் கேட்கத்தானே வந்தனீங்கள்?"

"கேட்கத்தான் வந்தேன். விமானத்தில் முழு வழியும் அதைத்தான் மனப்பாடம் செய்தேன்."

"அவர் மன்னிச்சவரோ?"

கேஸ் தொப்பியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "அவருக்கு என்னைத் தெரியவில்லை. என் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் என்னை அந்த லைன்ஸ்மன் என்று நினைத்துவிட்டார்."

"எந்த லைன்ஸ்மன்?"

"கடைசி ஆட்டத்தில் கொடி தூக்கியவன். அதைத்தான் கேட்டுக் கத்தினார். ஏன் தூக்கினாய், உனக்குக் கண் இல்லையா, என் பெடியங்களின் வாழ்க்கையை நாசமாக்கிவிட்டாயே என்று."

சிவசோதி நம்பவில்லை. நம்பாமல் அவர் கண்ணையே பார்த்தாள். ஆனால் கட்டிலில் விறைத்து நின்ற அந்த இடது கை அவளுக்கு மறக்கவில்லை. கைகாட்டுகிறார் என்றுதான் அன்று நினைத்தாள். அது கொடி.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நான் பிழை விட்டுவிட்டேன், அது கோல்தான் என்றேன்."

தேவாலயப் பக்கமிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அவள் திரும்பவில்லை.

"உண்மையிலேயே அது கோலோ?"

கேஸ் குனிந்து புல்லைப் பார்த்தார். "இல்லை. நான் பெஞ்சிலிருந்து நேராகப் பார்த்தேன். நல்ல ஓஃப்சைட். ஹெங்க்குக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்."

"பிறகு உங்கட கதையை ஏன் சொல்லேல்லை? அவர் நித்திரையாக முந்திச் சொல்லியிருக்கலாமே?"

"அவர் கண்ணுக்கு நான் லைன்ஸ்மன். ஒரு லைன்ஸ்மன் அதை ஏன் சொல்லப்போகிறான்?" என்றார் கேஸ்.

அவள் கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பால் துடைத்து, மறுபடி போட்டாள். விமான நிலையத்துக்குப் போக வேண்டும், தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார் கேஸ்.

லோஜன் மூச்சிரைக்க வந்தான். "அன்ரி, ஒரு பிரச்சினை. ரீம் பெடியன் யதுஷனுக்கு வேலையில லீவு குடுக்கேல்லையாம். பெட்டி தூக்க அஞ்சு பேர்தான் நிக்கிறம். பியூனரல்காரரில ஒருத்தரைக் கேட்கட்டோ?" பிறகு கேஸைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "இவரை அனுப்பவோ?"

சிவசோதி வண்டியைப் பார்த்தாள். பின்கதவு திறந்திருந்தது. ஒல்லாந்துக்காரரின் உடம்புக்கு அளவெடுத்த நீளப் பெட்டி. ஒரு ஓரம் வெளியே தெரிந்தது.

"வேண்டாம்," என்றாள். "இவரைக் கூட்டிக்கொண்டு போ. பின்னுக்கு விடு."

"அன்ரி?"

"பிந்துது. போ."

பெட்டி தோளுக்கு ஏறியதும் சாய்ந்தது. மற்ற ஐந்து பேரும் கேஸின் நெஞ்சளவுக்குத்தான் வந்தார்கள். அவர் பக்கம் உயர்ந்து, முன்பக்கம் சரிந்து, லோஜன் "பிடியுங்கோ, பிடியுங்கோ" என்று கத்தினான். கேஸ் முழங்கால்கள் இரண்டையும் மடித்தார். பெட்டி மெதுவாக நேரானது.

அவர் நிமிரவே இல்லை. மடித்த காலோடு, படியில்லாத அந்தச் சரிவுப் பாதையில், ஒவ்வொரு அடியாக வைத்தார். காற்சட்டைக்குள் கால்கள் நடுங்குவது பின்னால் வந்தவர்களுக்குத் தெரிந்தது. சிவசோதி தன் நடையைக் குறைத்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் வந்த சனமும் குறைத்துக்கொண்டது.