குழாயில் தண்ணீர் வராத இரவு

1

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து வந்தது.

போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நானும் மனைவியும் ஹாஜறா ராத்தா வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தோம். என் மனைவிக்கு அவர் தூரத்துச் சொந்தத்தில் ராத்தா, அதாவது அக்கா. கைகழுவ எழும்பிய என்னை இருக்கச் சொல்லிவிட்டு, தண்ணீர் ஜக்கும் கைகழுவுகிற கோப்பையும் கொண்டுவந்து வைத்தார்.

"பக்கத்திலதானே ராத்தா குழாய் இரிக்கி?" என்றேன்.

ராத்தா சிரிக்கத் தொடங்கினார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "குழாயப் பத்தி எனக்கிட்ட மட்டும் கதைக்காதீங்க தம்பி" என்றார். பிறகு சோறு ஆற ஆறக் கதையைச் சொன்னார், முடிவு வரும் இடத்தில் நிறுத்திக்கொண்டார். எழுதட்டுமா என்று கேட்டேன்.

"ஓம், எழுதுங்க. ஆனா முடிவ மட்டும் எழுதப்படாது."

இப்படி ஒரு நிபந்தனையோடு கதை தந்தவர் இதற்கு முன் எனக்கு வாய்த்ததில்லை. இல்லையென்று சொல்லவும் மனம் வரவில்லை.

2

முதல் தொடக்கம்: "கல்முனைக் கடலில் பொழுது சாயும் நேரம், மூன்லைட் றெஸ்ரோறண்டின் கண்ணாடிக் கதவுகளில்…"

இதை அப்படியே விட்டுவிட்டேன். அந்தக் கடையில் நின்றால் கடல் தெரியாது. ஒரு சைக்கிள் கடையும் பஸ்ஸுக்கு நிற்கிற சனமும்தான் தெரியும்.

இரண்டாவது: "திறந்த பொருளாதாரம் 1981இல் கல்முனைக்கு ஃபிறைட் றைஸைக் கொண்டுவந்து சேர்த்தது." இது நான் பள்ளிக்கூடத்தில் நடத்துகிற பாடம். கதை இப்படி நடக்காது.

மூன்றாவது: "ஹாஜறா திரைக்குப் பின்னால் நின்றாள்."

இது பரவாயில்லை. (நேரில் அவர் எனக்கு ராத்தா. கதைக்குள் வந்ததும் 'அவள்' ஆகிவிடுகிறார். இந்த மரியாதைக் குறைவுக்குக் கதை எழுதுகிறவர்கள் யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை. நான் கேட்டுவிடுகிறேன்.)

3

ஹாஜறா திரைக்குப் பின்னால் நின்றாள். அது மூன்லைட்டில் பெண்கள் இருந்து சாப்பிடுகிற அறை. கல்முனையில் அப்படியொரு அறை வைத்த முதல் கடை தன்னுடையதுதான் என்று அவள் புருஷன் மஜீட் பார்த்த ஆளிடமெல்லாம் சொல்லித் திரிந்தான். குவைத்தில் உழைத்த உழைப்பெல்லாம் அங்கே சுவராகவும் ரியூப் லைற்றாகவும் நின்றது. ஒவ்வொரு மேசையிலும் முள்ளும் கரண்டியும் கடதாசியில் சுற்றி வைத்திருந்தது. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. அதன் கீழே வெள்ளைத் தொட்டி, அதற்கு மேல் வெள்ளிபோல மினுங்குகிற குழாய்.

மஜீட்டுக்கு உயிரே அந்தக் குழாயில்தான் இருந்தது. "இனி ஜக்கத் தூக்கிட்டுத் திரியத் தேவல்ல. வாறவன் தானே கழுவுவான், தானே தின்பான், போவான்" என்றான்.

திரையை ஒரு விரல் அளவு விலக்கினால் கண்ணாடிக்குள் கடை முழுக்கத் தெரியும். ஹாஜறா வாசலை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய காக்கா, கூடப்பிறந்த அண்ணன் ஜவுபர் வருவாரா என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. வேறு யார் வந்தாலும் வராவிட்டாலும் அவளுக்கு ஒன்றுதான்.

4

ஏன் வரமாட்டார்? இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

1978இல், சூறாவளி அடித்த வருடம், மருதமுனையில் ஜவுபருடைய தறிக்கொட்டில் விழுந்தது. நிச்சயித்திருந்த மகளின் கலியாணத்தை அந்த அலங்கோலத்துக்குள்ளேயே அவசரமாகச் செய்தார். எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்கு ஆட்களை அழைப்பதை 'செல்றது' என்போம். பெண்ணின் மாமிக்கும் மாமாவுக்கும் தகப்பன் தானே நேரில் வந்து, எல்லோருக்கும் முதல் செல்ல வேண்டும். கூரையில்லாத வீட்டில் நின்றுகொண்டு ஜவுபர் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி அனுப்பினார். அதுதான் அவர் விட்ட பிழை.

விடுமுறையில் வந்திருந்த மஜீட் போகவில்லை. "ஆளனுப்பிக் கூப்பிட நான் என்ன கூலிக்காரனா?" என்றான். ஹாஜறாவையும் விடவில்லை. தான் மடியில் வைத்து வளர்த்த பிள்ளையின் கலியாணத்தன்று அவள் கல்முனையில், சொந்த வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். மாமி வராத கலியாணம் என்று ஊர் பேசியதை ஜவுபர் மறக்கவில்லை. அன்றைக்கு நின்றது இரண்டு வீட்டுக்கும் இடையிலான போக்குவரத்து.

(மஜீட்டைக் கெட்டவனாக எழுதினால் எனக்கு வேலை சுலபம். ஆனால் அந்த வருடம் அவன் நிவாரணமாகக் கிடைத்த தன் பங்குக் கூரைத் தகரங்களை ஏற்றிக்கொண்டு மச்சானின் கொட்டிலுக்குத்தான் முதலில் போனான். தகரம் தரப் போகத் தெரிந்தவனுக்குக் கலியாணத்துக்குப் போகத் தெரியவில்லை. மனிதனை இப்படித்தான் படைத்து வைத்திருக்கிறது.)

5

கடை திறப்புக்கு மஜீட் கொழும்பில் அட்டை அடித்தான். ஓரமெல்லாம் தங்க நிறம். ஜவுபருக்கும் ஒன்றைத் தபாலில் போட்டான்.

"தபாலிலயா?" என்று கேட்டாள் ஹாஜறா.

"எல்லாருக்கும் தபாலிலதான்."

மறுநாள் பகலில் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு மருதமுனைக்கு பஸ் ஏறினாள். காக்கா வீட்டில் இல்லை. அவருடைய மனைவி நதீராதான் வாசலுக்கு ஓடி வந்தாள்.

"உள்ளுக்கு வாகா ஹாஜறா. வாசல்லயே நிக்கிறாய்?"

"இல்ல மச்சி. காக்கா வந்து கூப்பிட்டா வாறன். ஒண்டு செல்ல வந்தன். வெள்ளிக்கிழமை கடை திறக்கிற. நான் நேரில வந்து செல்லிட்டுப் போனனெண்டு காக்காக்கிட்ட செல்லுங்க."

6

ஜவுபர் வந்தார். பொழுதுபட்டு மஃரிபுத் தொழுகை முடித்து, தொப்பியோடு வந்து, வாசலை ஒட்டிய மேசையில் இருந்தார். மஜீட் அவரைக் கண்டான். கண்டும் ஃபேனின் வேகத்தைக் கூட்டுவதுபோல அங்கால திரும்பிக்கொண்டான். ஆட்கள் ஒவ்வொருவராக எழும்பி, கண்ணாடியில் முகம் பார்த்துக் கைகழுவிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் பட்டென்று கரண்ட் போனது. இருட்டில்…

இந்த இடத்தை வாசித்துக் காட்டியபோது ராத்தா என்னை மறித்தார்.

"கரண்ட் எங்க தம்பி போன? லைற்றெல்லாம் பகல்மாதிரி எரிஞ்சிச்சி."

"மோட்டர் நின்று தண்ணீர் நின்றுபோக வேண்டுமே ராத்தா. அதற்காகப் போட்டேன்."

"தண்ணி நிண்டது மெய்தான். வால்வப் பூட்டினது நான்."

பேனையை நான் கீழே வைத்தேன்.

பெண்கள் அறைக்குப் பின்னால்தான் கூரையில் இருக்கிற தண்ணீர்த் தாங்கியிலிருந்து குழாய் இறங்குகிறது. காக்கா கைகழுவ எழும்பப் பார்ப்பதைக் கண்ணாடிக்குள் கண்டதும், ஹாஜறா அங்கே ஓடி வால்வை இறுக்கிப் பூட்டிவிட்டாள்.

"ஏன் ராத்தா?"

"குழாயில கழுவித் திண்டா அவர் கடைக்கு வந்த ஆள் தம்பி. தின்பாரு, போவாரு. இவரும் கதைக்க மாட்டாரு, காக்காவும் கதைக்க மாட்டாரு. வீட்டுக்காரன் தண்ணி ஊத்தினாத்தானே விருந்தாளி?"

எங்கள் விருந்துகளில் அதுதான் வழக்கம். வீட்டுக்காரன் கையில் ஜக்கு இருக்கும். அவன் ஊற்ற, வந்தவர் இரண்டு கையையும் நீட்டுவார். நீட்டினால் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார் என்று பொருள். அதற்கு மேல் அங்கே யாரும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. ஒரு கலவரமும் இல்லாமல் அந்த வழக்கத்தை ஒரு வால்வில் திருப்பி எடுத்துவிட்டாள் அவள்.

7

குழாய் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. தொட்டிக்கு முன்னால் சவர்க்கார நுரையோடு நின்றவர் திரும்பிப் பார்த்தார். யாரோ சிரித்தார்கள். மஜீட்டுக்கு முகம் சிவந்துவிட்டது. கூரைக்கு ஏறுவதா, குழாய் பூட்டிய மேசனைத் தேடுவதா என்று தெரியாமல் உள்ளே ஓடி வந்தான்.

திரைக்கு வெளியே ஒரு கை நீண்டது. அதில் வீட்டு ஜக்கு. மறு கையில் கோப்பை.

"இதக் கொண்டு போங்க" என்றாள் ஹாஜறா.

(அந்த ஜக்கு கடைக்கு எப்படி வந்தது என்று மஜீட் இன்றுவரை கேட்கவில்லை. வாசகரும் கேட்காமல் விட்டிருப்பார். அவள் அதைக் காலையிலேயே பையில் போட்டுக் கொண்டுவந்துவிட்டாள்.)

வேறு வழியில்லை. திறப்புக்கென்று போட்டிருந்த கோட்டைக் கழற்றிவிட்டு மஜீட் மேசை மேசையாகப் போனான். பெரியவர்கள் கை நீட்டினார்கள், கடைக்காக இறைவனிடம் துஆச் செய்தார்கள். கடைசியில் வாசலை ஒட்டிய மேசை மட்டும் மிஞ்சியது. ஜவுபருடைய கைகள் மேசைக்குக் கீழே, மடியில் இருந்தன.

மஜீட் அவருக்கு முன்னால் போய் நின்றான்.

8

இனி முடிவு. நான் இரண்டை எழுதி இரண்டையும் வெட்டினேன்.

ஜவுபர் கையை நீட்டினார். "மச்சான்" என்றான் மஜீட்…

ஜவுபர் எழும்பினார். ஒன்றும் சொல்லாமல் செருப்பை…

இன்னொரு நாள் ராத்தா சாப்பிடக் கூப்பிட்டபோது இரண்டையும் அவருக்கு வாசித்தேன். அவர் சோற்றுத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். "கை நீட்டினாரு எண்டு எழுதினா எங்கட காக்கா தோத்ததாப் போகும். எழும்பிப் போனாரு எண்டு எழுதினா இவர் தோத்ததாப் போகும். எனக்கு ரெண்டு பேரும் வேணும் தம்பி. அதுக்குத்தான் எழுதவேணாமெண்ட."

"வால்வை நீங்கள் பூட்டியதை எழுதலாமா?"

"அத எழுதுங்க. ரெண்டு பேருக்கும் தெரியட்டும்."

"நீங்கள் கண்ணாடியில் கண்டீர்கள்தானே?"

"இவர்ர முதுகு மறைச்சிட்டு. தண்ணி விழுற சத்தம் மட்டுந்தான் கேட்டிச்சி. கையில பட்டு விழுற தண்ணிக்கி ஒரு சத்தம். வெறுங்கோப்பையில விழுற தண்ணிக்கி வேற சத்தம். எனக்குத் தெரியும்."

"எந்தச் சத்தம் கேட்டது?"

"சோறு ஆறிப் போச்சி. தின்னுங்க."

அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

9

இதை எழுதி முடித்த அன்று நானும் ஒரு ஜக்கும் கோப்பையும் எடுத்து ஊற்றிப் பார்த்தேன். வெறுங்கோப்பையில் ஊற்றுவது லேசு, ஒரு ஆளே செய்துவிடலாம். மற்றச் சத்தத்தைக் கேட்க இன்னொருவருடைய கை வேண்டும்.

நீங்களும் ஊற்றிப் பாருங்கள். உங்களோடு கதைக்காமல் இருக்கிற ஒருவர் உங்களுக்கும் இருப்பார். அவரைக் கூப்பிடுங்கள். ஆளனுப்ப வேண்டாம். அட்டையும் போட வேண்டாம். நீங்களே போய்ச் செல்லுங்கள்.