டிக் போடாத கட்டம்

மாடியில் ஏதோ டமாரென்று விழுந்தது. கொதிக்கிற கெட்டிலை அப்படியே விட்டுவிட்டு லொரைன் படியேறி ஓடினாள்.

மேஜை விளக்கு சுவரோரம் நொறுங்கிக் கிடந்தது. கியரா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், மடியில் போன்.

"ரிசல்ட் வந்துடுச்சு. ஏ, பி, பி. யூனிவர்சிட்டில மூணும் ஏ கேட்டிருந்தாங்க. சட்டப் படிப்பு போச்சும்மா."

கியரா லொரைன் பெற்ற பெண் அல்ல; பதினெட்டு வயதுவரை வளர்க்கச் சொல்லி நகராட்சிக் கவுன்சில் கொண்டுவந்து விட்ட வளர்ப்புப் பிள்ளை. பதினெட்டு முடிந்துவிட்டது. அடுத்த மாதம் இந்த அறைக்கு வேறு பிள்ளை வருகிறது. கல்லூரி விடுதிதான் இனி கியராவுக்கு வீடு என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

தெருவில் ஒரே கூச்சல். ஏழைகளுக்கான கவுன்சில் குடியிருப்பில் இருக்கும், கியராவோடு படித்த ரீஸ் சட்டையைக் கழற்றிச் சுழற்றியபடி ஓடினான். அதே மதிப்பெண், அதே படிப்பு. அவனுக்கு இடம் கிடைத்துவிட்டது.

"அவனுக்கு மட்டும் எப்படிடி?"

"அவன் இருக்கறது ஏழை ஏரியான்னு பாத்து ஏ, பி, பி போதும்னுட்டாங்க. நம்ம தெருவுலதான் வாசலுக்கு வாசல் ரோஜாச்செடி இருக்கே."

லொரைன் பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டாள். காது சூடாகும்வரை பாட்டு ஓடியது. கடைசியில் ஓர் இளைஞன் எடுத்தான்.

"தம்பி, இவ ஆறு வயசுல குப்பைப் பையில துணியோட எங்கிட்ட வந்த பொண்ணு. இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கும் குறைச்சுக் கேப்பீங்கல்ல?"

"கேப்போம்மா. ஏ, பி, பியே போதும்." கீபோர்டு தட்டும் சத்தம். "ஆனா விண்ணப்பத்துல, அரசுப் பராமரிப்புல வளர்ந்தவங்களான்னு கேட்ட கட்டத்துல டிக் இல்லையே."

"இப்ப மாத்திக்குங்க."

"இடமெல்லாம் காலையிலயே நிரம்பிடுச்சும்மா. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது."

லொரைன் போனைக் கட்டிலில் எறிந்தாள். வந்த அழுகை கோபமாகத்தான் வெளியே வந்தது.

"பக்கம் பக்கமா எழுதத் தெரியுது. ஒரே ஒரு டிக் போடக் கை வலிச்சுதா? வெக்கமா? யாருகிட்ட வெக்கம் உனக்கு?"

கியரா குனிந்து கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் பொறுக்கினாள். நிமிரவில்லை.

"யார் கேட்டாலும் உன் சொந்தப் பொண்ணுன்னுதான் சொல்லணும்னு முதல் நாள் ஸ்கூல் வாசல்ல நீதானேம்மா சொன்ன."