சிமெண்டுப் பையின் நடுத்தாள்

மழை விடவில்லை. சிம்பாங் பூலாயில் கான்கிரீட் ஊற்றும் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பத்து மணிக்கே நிறுத்திவிட்டார். நனைந்தபடியே ஈப்போவில் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. ஐந்து வயது மகள் லோஷினிக்கு இளைப்பு. இரவெல்லாம் நானும் மனைவியும் மாறி மாறி விழித்திருந்தோம்.

என்னைக் கண்டதும் பிரமிளா மருத்துவமனைத் துப்புரவு வேலைக்குக் கிளம்பினாள்.

"புள்ளைய வெளிய விடாதீங்க. மறுபடியும் இழுக்கும். தூங்கிடாதீங்க."

"தெரியும்லா, நீ போ."

லோஷினிக்குக் காகிதக் கப்பல் வேண்டுமாம். கதவுக்குப் பின்னால் ஒரு காலி சிமெண்டுப் பை இருந்தது. அதில் மூன்று தாள். வெளித்தாள் அழுக்கு, உள்தாளில் தூள், நடுத்தாள் சுத்தம். வெயிலுக்கு நாங்கள் தொப்பி மடிப்பது நடுத்தாளில்தான். அதை உருவி மடித்தேன்.

"ஐயே, இது தொப்பி!"

"கவுத்துப் போடு. கப்பல்தான்லா."

சிரித்தாள். பிறகு விசிறி. பிறகு மீதித் தாளை நீளமாகக் கிழித்து, சோற்றால் ஒட்டி, சங்கிலி.

"இன்னும் பத்து வளையம்பா."

"நீ ஒட்டு. அப்பா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று சுவரில் சாய்ந்தேன்.

இருமல் கேட்டுத்தான் விழித்தேன். நடுத்தாள் தீர்ந்ததும் பிள்ளை பையைப் பிரித்து, உள்தாளை உதறிக் கிழித்திருக்கிறாள். தலைமுடியில், இமையில், தரையில் எங்கும் சாம்பல் தூள். வேலையிடத்தில் நடுத்தாளை உருவியதும் பையை அங்கேயே போட்டுவிடுவோம். வீட்டிலும் அப்படியே போட்டிருக்கிறேன்.

தூக்கிக்கொண்டு போய் முகத்தைக் கழுவினேன். அவள் நெஞ்சில் விசில் அடித்தது. மருந்துக் குழாயை வாயில் வைத்து இரண்டு தடவை அழுத்தினேன். "மெதுவா இழும்மா, மெதுவா."

பிரமிளாவைப் போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன்.

"தூங்கிட்டீங்களா?"

"ஆமா."



"பம்ப் எத்தன?"

"ரெண்டு."

"இப்ப?"

"விசில் கொறஞ்சிருக்கு."

"அரை மணி நேரம் பாருங்க. கொறையலன்னா கிராப் கார் போட்டு இங்க தூக்கிட்டு வந்துடுங்க. அழவும் விடாதீங்க, அழுதா இன்னும் இழுக்கும். ஸ்கூல்ல குடுத்த பழைய கடுதாசி ஒரு கட்டு டிராயர்ல கெடக்கு. அதுல எதாச்சும் செஞ்சு குடுங்க. வீட்டுல தாளா இல்ல?"

கடிதக் கட்டை எடுத்து வந்தேன். லோஷினி என் மடியில் சாய்ந்து, "தவளை" என்றாள். எனக்குத் தெரிந்த மாதிரி மடித்தேன்.

"இது தவளை இல்ல, ஆமை."

"மழையில ஊறிப்போச்சு."

சிரிக்கப் பார்த்தாள், இருமல் வந்தது. அடுத்த தவளை முடிவதற்குள் தூங்கிவிட்டாள். மூச்சு சீராகத்தான் இருந்தது. ஆனாலும் மறுபடி மூடாது என்று என் கண்ணை நான் நம்பவில்லை. ஒரு கடிதத்தை எடுத்து எழுத்துக் கூட்டிப் படிப்பேன், மடிப்பேன், அவள் நெஞ்சில் காதை வைப்பேன். பிறகு அடுத்தது. பிரமிளா வர இன்னும் ஐந்து மணி நேரம். கடிதக் கட்டில் பாதிதான் குறைந்திருந்தது.