பதினோராவது உதை

சொட்டு வலது காலை ஓங்கி ஆம்ப்ளிஃபயரை உதைத்தான்.

உள்ளே இருந்த ஸ்பிரிங்குகள் அலறின. தகர டப்பா படிக்கட்டில் உருண்ட மாதிரி ஒரு சத்தம் கிளம்பி, சுவர் சுவராக முட்டி, அடங்கியது. ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே ரெக்கார்டிங் அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பார்த்தான்.

அக்கா ஹெட்போனைக் கழற்றிவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"இல்லடா."

"எது இல்ல? உதையா, வாசிப்பா?"

"ரெண்டும்."

அது பதினோராவது உதை. மணி இரண்டு ஐந்து. மூன்று மணிக்குக் கம்பெனிக்காரம்மா வருகிறாள்.

சினிமா கம்பெனி ஒன்றுக்கு இசை வாங்கித் தருவது அந்த அம்மாவின் வேலை. இரண்டு வாரத்துக்கு முன் பழைய இசைத்தட்டுக் கடை ஒன்றில் பெயரே இல்லாத ஒரு தட்டைக் கண்டெடுத்திருக்கிறாள். நடுவில் வெள்ளைத் தாள், அதில் ஓர் எழுத்துகூட இல்லை. போட்டால் இரண்டே நிமிஷம். ஒற்றைக் கிட்டார், பின்னால் மரத்தில் தட்டுகிற மாதிரி ஒரு டக்... டக். கடைசியில், யாரோ ஆம்ப்ளிஃபயரை உதைத்தது போல, இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான்.

சர்ஃப் கிட்டார். பலகை மேல் நின்று கடலலையில் சறுக்குகிற பையன்கள் அறுபது வருஷத்துக்கு முன் கொண்டாடிய வாசிப்பு. ஒவ்வொரு சுரமும் தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி ஈரமாக விழும். அந்த ஈரத்துக்குத்தான் அவன் 'சொட்டு' என்று பெயர் வைத்திருந்தான். இருபத்தைந்து வருஷமாக அதையே பேசியதில் பெயர் அவனுக்கே ஒட்டிக்கொண்டுவிட்டது.

டைரக்டர் அந்தத் தட்டில் சொக்கிப்போய்விட்டாராம். ஆனால் வாசித்தவன் யாரென்று தெரியாமல் படத்தில் சேர்க்க முடியாது. "மெட்டுல அங்கங்க கை வெச்சு மாத்திக்குங்க. சத்தம் மட்டும் அச்சு அசலா அதே மாதிரி வேணும். ரெண்டையும் பக்கத்துல வெச்சுக் கேப்பேன். வித்தியாசம் தெரிஞ்சா வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று சொல்லிப் போயிருந்தாள்.

இதில் தோற்றால் திங்கட்கிழமை முதல் சொட்டு மச்சானின் டைல்ஸ் கடையில் நிற்க வேண்டும். கிட்டார் பரண் மேலே போகும். மனைவிக்கு அவனே கொடுத்த வாக்கு. அந்த மச்சான் இப்போது அறை மூலையில், ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். 'டக்... டக்' அவர் பொறுப்பு.

"மாப்ளே, சொட்டு வரலைன்னா விடுங்க. தலையைத் தடவிப் பாருங்க, சொட்டை வந்திருக்கு."

"மச்சான், பெட்டியைத் தட்டுங்க. வாயைத் தட்டாதீங்க."

"கடைச் சட்டைகூட தைக்கக் குடுத்தாச்சு. பாக்கெட்ல சொட்டுன்னு போடவா, முழுப் பேரா?"

சொட்டு பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது தந்தியை முறுக்கினான்.

எல்லாம்தான் செய்து பார்த்தாகிவிட்டது. கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடிவிட்டு டேப் மெஷினை இழுத்து வந்தார்கள். வால்வு சூடாக அரை மணி நேரம் எடுக்கிற, அறுபது வயசான ஆம்ப்ளிஃபயரை இரவல் வாங்கினார்கள். தடித்த தந்தி. தும்மினால் கெட்டுப்போகிற பழைய மைக். சத்தத்தை ஈரமாக்குகிற ஸ்பிரிங் பெட்டி மட்டும் மூன்று மாற்றினார்கள். சொட்டு வந்தது. நன்றாகவே வந்தது. ஆனால் அந்தத் தட்டின் சொட்டு வரவில்லை.

பெரிய தலைவலி சுருதி. தட்டில் இருந்தது இந்தக் கட்டையும் இல்லை, அந்தக் கட்டையும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் எங்கோ தொங்கியது. அதை எட்டிப் பிடிக்கத் தந்தியை முறுக்கினால்—

பட்!

தந்தி அறுந்து மணிக்கட்டில் சுளீரென்று அடித்தது.

"ஐயோ!"

"நாலாவது," என்றார் மச்சான். "இன்னும் ஒண்ணுதான் இருக்கு."

அக்கா எழுந்தாள். கைப்பையை எடுத்தாள். என்ன நினைத்தாளோ, திரும்ப வைத்துவிட்டு உட்கார்ந்தாள். காலையிலிருந்து இது மூன்றாவது தடவை.

"என்னக்கா, கிளம்பறியா? நீயும் கைகழுவிட்டியா?"

"மருந்து இருக்கான்னு பாத்தேன். நீ தந்தியைப் போடு."

போட்டான். சிவப்பு விளக்கு எரிந்தது. டேப் சுற்றியது.

ஒரே தந்தியைப் படபடவென்று மேலும் கீழும் அடிக்க வேண்டிய இடம். தட்டில் இருந்தவன் அதை மழை மாதிரிப் பொழிந்திருந்தான். சொட்டுவின் விரல்கள் துரத்தின. மூச்சு வாங்கியது. எட்டவில்லை. ஒரு மயிரிழை, ஒரே மயிரிழை பின்னால். இரண்டாவது வரியின் திருப்பத்தில் ஒரு சுரத்தை விரல் விழுங்கியது. கடைசியில் உதை.

வீங்கிய காலில் உயிர் போனது.

அக்கா தட்டையும் டேப்பையும் மாற்றி மாற்றிப் போட்டாள். மச்சான் எழுந்து வந்து காதைக் கொடுத்தார். சிரித்துவிட்டார்.

"மாப்ளே, ஒண்ணு கவனிச்சீங்களா? அந்தாளும் ரெண்டாவது வரியில ஒரு சுரத்தை முழுங்கறான். நீங்களும் அதே இடத்துல முழுங்கறீங்க. வேற எதுவும் ஒத்துப் போகலை. தப்பு மட்டும் அச்சா இருக்கு!"

"நான் வேணும்னு முழுங்கலை மச்சான். அந்த எடத்துல என் சுண்டுவிரல் எப்பவும் சோம்பேறி."

அக்காவின் கை விசை மேல் அப்படியே நின்றது.

சொட்டு கிட்டாரைக் கழற்றித் தரையில் வைத்தான். வைத்தான் என்று சொல்வது மரியாதைக்கு.

"போதும்க்கா. எவனோ ஒரு மகராசன். மனுஷக் கையா, மெஷினான்னே தெரியல. அவன் எந்த சுருதியில வாசிச்சான்னுகூட எனக்குப் பிடிபடலை. ஒரு ஆம்ப்ளிஃபயரை எப்படி உதைக்கறதுன்னுகூடத் தெரியல! நான் உதைச்சா டங்குங்குது. அவன் உதைச்சா மெத்துனு விழுந்து அப்புறம் இடிக்குது. பஞ்சுல கால் வெச்சுக்கிட்டு பொறந்தானா?" முகத்தைத் துடைத்துக்கொண்டான். "மச்சான், திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வரணும்?"

மச்சான் இப்போது சிரிக்கவில்லை. "ஒம்போதரை," என்றார், தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு.

அழைப்பு மணி அடித்தது.

கம்பெனிக்காரம்மா பத்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டாள். குடையை மடக்கி மூலையில் சாத்திவிட்டு, நின்றபடியே கேட்டாள்.

"ரெடியா? கேக்கலாமா?"

"இல்லீங்கம்மா," என்றான் சொட்டு. "என்னால முடியல. மன்னிச்சிருங்க."

அந்த அம்மா கோபப்படவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. "நானும் நினைச்சேன். அது எல்லாருக்கும் வராது" என்று குடையை மறுபடி எடுத்தாள்.

"கொஞ்சம் இருங்க," என்றாள் அக்கா. பிறகு தம்பி பக்கம் திரும்பினாள். "டேய், நம்ம பழைய வீட்டுக் கட்டில் ஞாபகம் இருக்கா?"

"இப்ப எதுக்குக் கட்டில்?"

"சொல்லு."

"ஒரு கால் குட்டை. உக்காந்து ஆடினா டக்கு டக்குனு..." அவன் நிறுத்தினான். மரப்பெட்டியைப் பார்த்தான்.

"என்கிட்ட ஒரு சின்ன டேப் ரெக்கார்டர் இருந்தது. பேட்டரி எப்பவும் செத்துப்போய்த்தான் கிடக்கும்."

"பேட்டரி செத்தா டேப் மெதுவா ஓடும்," சொட்டு தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். "மெதுவா ஓடிப் பதிஞ்சதை நல்ல மெஷின்ல போட்டா..."

"வேகமா ஓடும். சுருதி ஏறிப்போகும். எந்தக் கட்டையிலயும் நிக்காது."

மச்சான் காதைத் தீட்டிக்கொண்டு நெருங்கி வந்தார்.

"நீ அந்தக் கட்டில்ல உக்காந்து வாசிச்சதை அதுல பதிஞ்சு, உன் கல்யாணத்துக்குக் குடுக்கணும்னு ஒரே ஒரு தட்டா அடிச்சேன்," என்றாள் அக்கா. "அந்த மாசம்தான் நீ, எனக்கு வாசிக்கவே வராதுன்னு கிட்டாரைச் சுவத்துல அடிச்சே. குடுக்க மனசு வரலை. வீடு மாத்தறப்ப பழைய தட்டுங்களோட கலந்து கடைக்குப் போயிடுச்சு. இந்தம்மா கொண்டாந்து போட்டதும் மொத வரியிலயே தெரிஞ்சுபோச்சு."

"ரெண்டு வாரமாத் தெரியுமா? காலையிலிருந்து என் கால் வீங்கறதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தியா?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே? உன்னுதுன்னு தெரிஞ்சா ரெண்டாவது வரியிலயே குப்பைன்னு தூக்கிப் போட்டிருப்பே. எவனோ மகராசன்னு நினைச்சதாலதான் வாயைப் பொளந்து கேட்டே."

சொட்டு தரையில் கிடந்த கிட்டாரை எடுத்து நிமிர்த்தி வைத்தான்.

கம்பெனிக்காரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "கதை நல்லா இருக்கு. அது இவர் வாசிச்சதுதான்னு நான் எப்படி நம்பறது?"

அக்கா கைப்பையைத் திறந்தாள். இந்தத் தடவை மூடவில்லை. உள்ளேயிருந்து மூலை உடைந்த ஒரு கேசட்டை எடுத்து, கேசட் மெஷினில் செருகினாள்.

"தட்டுல இடிச் சத்தத்தோட வெட்டிட்டேன். கேசட்ல அதுக்கப்புறமும் ஓடுது."

ஓடவிட்டாள். அதே மழை. அதே டக்... டக். இரண்டாவது வரியில் விழுங்கிய சுரம். பிறகு மெத்தென்று விழுந்து அறையையே அதிரவைத்த அந்த இடி. அது அடங்குவதற்குள் ஓர் எலிக்குஞ்சுக் குரல் கீச்சிட்டது:

"டேய்! நிறுத்துறியா இல்லையா!"

கம்பெனிக்காரம்மா பக்கென்று சிரித்துவிட்டாள். அக்கா சிரிக்கவில்லை. டேப்பைப் பின்னால் ஓட்டி, வேகம் குறைக்கிற குமிழை மெல்லத் திருப்பினாள்.

கிட்டார் இறங்கியது. நடுவில் தொங்கிய சுருதி தன் கட்டையில் வந்து உட்கார்ந்தது. மெஷின் விரல்கள் ஒரு பதினெட்டு வயசுப் பையனின் விரல்களாயின. இடி விழுந்தது. எலிக்குஞ்சின் குரல் தடித்து, கரகரத்து, எட்டு வருஷமாக அந்தக் குடும்பத்தில் யாரும் கேட்காத குரலாக ஆனது.

"டேய்! நிறுத்துறியா இல்லையா!"

"அப்பா..." என்றான் சொட்டு. வீங்கிய காலைப் பார்த்தான். "அப்போ அந்த இடி? நான் உதைக்கலையா?"

"நீ எங்கடா உதைச்சே? கதவுகிட்ட நின்னு அப்பா விட்டெறிஞ்ச செருப்புடா அது. குறி தப்பி ஆம்ப்ளிஃபயர் மேல விழுந்தது." அக்கா கையை உயர்த்தினாள். "இரு, இரு. இன்னொரு கால் செருப்பு பாக்கி இருக்கு."

ஸ்பிரிங்குகள் இரண்டாவது தடவை இடித்தன.