பட்டினி போட்ட தட்டு

செல்களைப் பட்டினி போடுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பதினோரு வருடமாக அதுதான் என் பிழைப்பு. புற்றுநோய்ச் செல்களைத் தட்டில் வளர்ப்பேன். அவற்றுக்கு இளஞ்சிவப்பாக ஒரு திரவம் ஊற்றுவேன். சர்க்கரை, உப்பு, இன்சுலின் எல்லாம் அதில் உண்டு. மருந்தைச் சோதிப்பதற்கு முந்தின நாள் அதை உறிஞ்சி எடுத்துவிட்டு, இன்சுலின் இல்லாத வெறும் திரவத்தை ஊற்றிவிடுவேன். மறுநாள் மருந்து, அதற்கும் மறுநாள் செல்களின் சாற்றை எக்ஸ்ரே மாதிரி ஒரு ஃபிலிமில் படமெடுப்பேன். ஃபிலிமில் கறுப்புக் கோடு விழுந்தால், செல்லுக்குள் ‘வளரு, பெருகு’ என்ற கட்டளை ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். கோடு இல்லையென்றால் கட்டளை நின்றுவிட்டது.

பட்டினி எதற்கு என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். படம் சுத்தமாக வரும், அவ்வளவுதான். எங்கள் ஆய்வகத் தலைவருக்குப் படம் பளிச்சென்று இருக்க வேண்டும். அதனாலேயே அவருக்குப் ‘பளிச்’ என்று பெயர் வைத்திருக்கிறோம், அவர் காதில் விழாமல்தான்.

அந்தக் கட்டளை செல்லுக்குள் கைமாறிக் கைமாறிப் போகும். பளிச் கண்டுபிடித்த மாத்திரை நடுவில் ஒரு கையைப் பிடித்துக்கொண்டுவிடும். நான் எடுத்த படத்தில் கோடே இல்லை, துடைத்துவிட்ட மாதிரி. அந்தப் படத்தை வைத்துத்தான் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு மாத்திரையைக் கொடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். அதில் பதினேழாவது ஆள் என் அக்கா.

அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். மார்பில் வந்த கட்டி ஈரலுக்குப் போய்விட்டது. உடம்பு பாதியானாலும் வாய் மட்டும் இளைக்கவில்லை. மாத்திரை தொடங்கிய முதல் மாத ஸ்கேனில் கட்டி கொஞ்சம் சுருங்கியிருந்தது. அன்றைக்குத்தான் வீட்டில் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டோம். அடுத்த வாரத்திலிருந்து அவளுக்குச் சர்க்கரை ஏற ஆரம்பித்தது. அதுவரை சர்க்கரை நோய் என்பதே அவளுக்குக் கிடையாது. ‘சர்க்கரையை உள்ளே எடு’ என்று ஈரலுக்கும் தசைக்கும் இன்சுலின் சொல்கிற கட்டளையும் அதே கைகள் வழியாகத்தான் போகிறது. மாத்திரை அதையும் மறித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இன்சுலின் ஊசி எழுதிக் கொடுத்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை இரண்டு தட்டுகளுக்குத் திரவம் மாற்றிக்கொண்டிருந்தபோது அக்கா போன் செய்தாள்.

“இன்னிக்கு எவ்வளவு தெரியுமாடி? நூத்திப் பதினாலு.”

“நிஜமாவா?”

“ஊசியைக் கொஞ்சம் கூட்டினாங்க. பொட்டிப்பாம்பா அடங்கிடுச்சு. உங்க மாமா இப்பதான் சிரிக்கவே ஆரம்பிச்சிருக்காரு, பாக்கச் சகிக்கல.”

எனக்கும் சிரிப்பு வந்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே வேலையை முடித்தேன். சிரித்த லட்சணம் மறுநாள் மருந்து ஊற்றிய பிறகுதான் தெரிந்தது. இடது தட்டில் இரண்டு முறை திரவம் மாற்றியிருக்கிறேன், வலது தட்டில் மாற்றவே இல்லை. அது பழைய இளஞ்சிவப்புத் திரவத்தில் ஜம்மென்று இருந்தது.

பட்டினி போட மறந்த தட்டைப் பிளீச்சிங் வாளியில் கொட்டிவிட வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் அதற்குக் ‘கெட்டுப்போன தட்டு’ என்று பெயர். ஆனால் அன்றைக்கு எனக்கு வீம்பு. இத்தனை வேலையும் வீணா என்று எரிச்சலோடு, மறுநாள் இரண்டு தட்டின் செல்களையும் ஒரே ஃபிலிமில் பக்கத்தில் பக்கத்தில் படமெடுத்தேன்.

இருட்டறையில் சிவப்பு பல்பு மட்டும் எரியும். ஃபிலிமைப் படம் கழுவும் தொட்டியில் போட்டு ஆட்டினேன். இடது பக்கம் வழக்கம்போல வெறுமையாக இருந்தது. வலது பக்கத்தில் முதலில் ஒரு நிழல் தெரிந்தது, பிறகு கோடாகத் திரண்டது, கறுத்துக்கொண்டே போனது. மருந்து ஊற்றிய தட்டு அது. மருந்து இருந்தும் கட்டளை ஓடிக்கொண்டிருந்தது.

வெளியே வந்து என் பழைய நோட்டுகளை எல்லாம் இழுத்துப் போட்டேன். ‘பட்டினி போட மறந்தது. கொட்டியாயிற்று.’ என் கையெழுத்திலேயே ஒன்பது இடத்தில் இருந்தது. அதில் ஒன்றை இரண்டு வருடத்துக்கு முன் ஃபிலிம் வரை கொண்டுபோய்ப் பளிச்சிடம் காட்டியதும் நினைவுக்கு வந்தது. அதிலும் கோடு இருந்தது. “தட்டு கெட்டுப்போச்சும்மா, தூக்கிப் போட்டுடு” என்றார். தூக்கிப் போட்டுவிட்டேன். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானெல்லாம் ஒரு மனுஷியா என்று அன்றைக்குத் தோன்றியது.

அந்த வாரம் முழுக்க வேறு வேலை பார்க்கவில்லை. நான்கு தட்டு எடுத்தேன். எல்லாவற்றிலும் மருந்து. முதல் தட்டில் இன்சுலின் இல்லை, அடுத்ததில் துளி, அதற்கடுத்ததில் கூட, கடைசியில் இன்னும் கூட. கோடு ஒவ்வொரு கட்டத்திலும் தடித்தது. மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் அப்படியே.

பளிச்சின் மேசையில் ஃபிலிமை வைத்தேன்.

“இது அந்தக் கெட்டுப்போன தட்டுதானே,” என்றார்.

“இல்ல சார். இதுதான் ஒழுங்கா சாப்பிட்ட தட்டு. உயிரோட இருக்கிற உடம்புல இன்சுலின் இல்லாம இருக்குமா?”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபிலிமை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார்.

“மருந்துச் சோதனைக் குழுவுக்கு எழுதறேன். அடுத்த கூட்டம் மூணு வாரத்துல இருக்கு.”

“மூணு வாரத்துக்கு எத்தனை ஊசி சார்?”

அவர் பதில் சொல்வதற்குள் ஃபிலிமைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வேலை போனால் போகட்டும்.

அன்றைக்கு அக்காவுக்கு இரண்டாவது ஸ்கேன். டாக்டர் இன்னும் வரவில்லை. ஸ்கேன் அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் மடியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அதை நீட்டினாள்.

“பாரு, எப்படி இறங்கியிருக்குன்னு.”

பார்த்தேன். ஒரு பக்கம் சர்க்கரை, கீழே வரவரக் குறைந்திருந்தது. இன்னொரு பக்கம் ஊசியின் அளவு: பத்து, பதினாறு, இருபத்துநாலு, முப்பத்திரண்டு. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. ஈரலும் தசையும் செவிடாகிவிட்டதால் இன்னும் சத்தமாகக் கத்துகிறார்கள், ஊசி வழியாக. அந்தச் சத்தம் கட்டியின் காதிலும் நன்றாக விழும், ‘வளரு’ என்று. என் கைப்பையில் இருந்த ஃபிலிமில் அந்த வரிசைதான் கோடு கோடாகக் கறுத்திருந்தது.

“என்னடி பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே? நீ எடுத்த படத்தைப் பாத்துட்டுத்தானே நான் கையெழுத்தே போட்டேன். கோடே இல்லக்கான்னு குதிச்சியே.”

“அக்கா, அந்தப் படத்துல இருந்த செல்லுக்கெல்லாம் நான் சாப்பாடே போடல.”

அவள் சிரித்தாள். “நல்லவேளை, என்னை அப்படி யாரும் பட்டினி போடல. வேளை தவறாம ஊசி குத்துறாங்க.” இன்சுலின் ஊசிப் பேனாவைத் தூக்கி ஆட்டிக் காட்டினாள்.

நான் சிரிக்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள். சிரிப்பு எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

“இது அந்தக் கட்டிக்கும் போகுதா?”

ஆமென்று தலையை ஆட்டினேன்.

“டாக்டருக்குத் தெரியுமா?”

“அவர்கிட்ட சொல்லத்தான் வந்தேன். நீயா எதையும் நிறுத்திடாதே. அவர் வந்து சொல்லட்டும்.”

ஸ்கேன் அறைக் கதவு திறந்தது. “பதினேழு” என்று நர்ஸ் கூப்பிட்டாள். அக்கா எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். பேனாவை என் கையில் வைத்து, என் விரல்களை அவளே மடக்கி மூடிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

விரலைப் பிரித்துப் பார்த்தேன். பேனாவில் மருந்து இறங்கியிருந்தது; அன்றைய முப்பத்திரண்டையும் அவள் காலையிலேயே போட்டுக்கொண்டுவிட்டாள்.